முன்பணம் கொடுத்தவருக்கே மீன் போட வேண்டுமா?

கேள்வி: நாட்டுப்படகுக் குடும்பங்கள் சேர்ந்து சிக்கன நாணயச் சங்கம் தொடங்கலாம் என்று பேசி வருகிறோம். வங்கியும் நகைக்கடனும் இருக்கும்போது இது எதற்கு?
– ஒரு வாசகி, பாம்பன்

பதில்: வலைக்கும் இன்ஜினுக்கும் முன்பணம் தரும் வியாபாரி பல நேரம் வட்டியே கேட்பதில்லை. பிடித்த மீனை அவருக்கே போட வேண்டும், அதுதான் கட்டு. வெளியில் கிலோ 400 ரூபாய் போகும் மீனை அவர் 360-க்கு எடுத்தால், 100 கிலோவுக்கு 4,000 ரூபாய் போய்விடுகிறது. முதலோ அப்படியே நிற்கிறது. மீனை நல்ல விலைக்கு விற்கும் உரிமையை மீட்பதுதான் சங்கத்தின் முதல் வேலை.

உறுப்பினர்களே சேர்ந்து சேமித்து, அதிலிருந்து தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்ளும் முறை இது. ஜெர்மனியில் ரைஃபைசன் வளர்த்த இந்த முறையை ஆராய்ந்து சென்னை அரசுக்கு அறிக்கை தந்தவர் ஆங்கிலேய அதிகாரி பிரெடரிக் நிக்கல்சன். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு அடித்தளம் போட்டவரும் நிக்கல்சனே.

பணம் உறுப்பினர்களின் பங்குத்தொகையும் மாதச் சேமிப்பும்தான். பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. 20,000 ரூபாயை மூணு வட்டிக்கு வாங்கினால் பத்து மாதத்தில் வட்டி 6,000, அசல் பாக்கி. சங்கத்தில் மாதம் ஒரு வட்டிக்கு, அசலில் 2,000 வீதம் கட்டி வந்தால், குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி போட்டு மொத்தம் 1,100. கடனும் தீர்ந்துவிடும். அந்த 1,100-உம் சங்கத்துக்கே வருமானம்.

நம் கடற்கரையில் சங்கம் நொடிக்கும் இடம் வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். புயல் சின்னம் வந்தால் நாட்டுப்படகும் போகாது. எல்லோரும் ஒரே தொழில் என்றால் தவணை ஒரே வாரத்தில் நிற்கும், சேமிப்பைத் திருப்பிக் கேட்பதும் அதே வாரத்தில்தான். ஆகவே வருமானம் நிற்கும் மாதங்களில் வட்டி மட்டும் கட்டினால் போதும் என்று கடன் கொடுக்கும்போதே எழுதிவிடுங்கள். சேமிப்பு முழுவதையும் கடனாக விடாமல், ஒரு பங்கை மத்தியக் கூட்டுறவு வங்கியில் போட்டு வையுங்கள். கருவாடு, கடற்பாசி, கடை, டெய்லரிங் என்று வேறு வருமானம் உள்ளவர்களையும் சேருங்கள். இது கட்டாயம் என்றே சொல்வேன்.

கேள்வி: சங்கத்தில் போடும் பணத்துக்கு வங்கி மாதிரிப் பாதுகாப்பு உண்டா?
– ஒரு வாசகர், தொண்டி

பதில்: இல்லை. 5 லட்சம் ரூபாய் வரையிலான வைப்புக் காப்பீடு வங்கிகளுக்குத்தான். கூட்டுறவு வங்கிகளும் அதில் அடங்கும், இப்படி உறுப்பினர்கள் நேரடியாகச் சேரும் தொடக்கச் சங்கங்கள் அடங்காது. இங்கே காவல் நீங்கள்தான். பணம் கட்டிய அன்றே பாஸ்புக்கில் பதிவும் கையெழுத்தும் வாங்குங்கள். பேரவைக் கூட்டத்தில் தணிக்கை அறிக்கையை வாசிக்கச் சொல்லுங்கள். நிர்வாகக் குழுவினர் வாங்கிய கடனில் தவணை தாண்டியது எவ்வளவு என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால், புதிதாகப் பணம் போடுவதை நிறுத்திவிட்டு கூட்டுறவுத் துணைப்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்துமூலம் மனு கொடுங்கள்.