மீட்டர் புதுசு, வயர் பழசு: கேள்வி பதில்

கோவையில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். பழைய கார், ஜீப்பில் டிஜிட்டல் மீட்டர் மாட்டுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும் இவை.

பொள்ளாச்சி, 1984 பத்மினி: ஏனுங்கண்ணா, டிஜிட்டல் மீட்டர் பகலில் சரியாகத்தான் காட்டுகிறது. ஹெட்லைட் போட்டதும் டெம்பரேச்சர் ஏறுகிறது, அணைத்தால் இறங்குகிறது. மீட்டரை மாற்றித் தரச் சொல்லலாமா?

மாற்ற வேண்டாமுங்க, கோளாறு எர்த்தில், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழியில் இருக்கிறது. டெம்பரேச்சர் சென்சாருக்கு எர்த் என்ஜின். மீட்டரின் கறுப்பு வயருக்கு எர்த் டேஷ்போர்டு அடியில் இருக்கும் பாடி. லைட் கரண்டும் அதே பாடி வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்புகிறது. துருப்பிடித்த இடத்தில் அது திணறும்போது மீட்டரின் எர்த் அரை வோல்ட் மேலே ஏறிவிடும். சென்சார் வோல்ட் அந்த அளவு குறைவாகத் தெரியும், மீட்டர் அதைச் சூடு என்று படிக்கும். பழைய முள் மீட்டரிலும் இது நடந்திருக்கும், முள் நூலளவு அசைந்ததை யார் பார்த்தார்கள்?

மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை மீட்டரின் கறுப்பு வயரிலும் வையுங்கள். லைட், வைப்பர் எல்லாம் ஓடட்டும். 0.1 வோல்ட்டுக்குள் வந்தால் நல்லது. 0.5, 0.6 என்று வந்தால் எர்த் போல்ட்டைக் கழற்றுங்கள். முக்கால்வாசி வண்டியில் பெயிண்ட் அடித்தவர் லக் (வயர் நுனியில் இருக்கும் உலோக வளையம்) உட்காரும் இடத்திலும் சேர்த்து அடித்திருப்பார். உப்புத்தாள் போட்டு இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, புது லக் வைத்து முறுக்குங்கள். மீட்டரின் எர்த்தை மட்டும் தனி வயராக என்ஜின் பிளாக்குக்கே கொண்டு போய்விடுங்கள். சென்சார் மரையில் டெஃப்லான் டேப் சுற்றியிருந்தால் அதையும் எடுங்கள், அதன் எர்த்தே அந்த மரைதான்.

சத்தியமங்கலம், பழைய ஜீப்: அம்மீட்டரை (கரண்ட் அளக்கும் மீட்டர்) கழற்றியதும் வண்டி செத்துவிட்டது.

ஸ்டார்ட்டர் தவிர வண்டியின் மொத்தக் கரண்டும் அம்மீட்டருக்குள் புகுந்துதான் போகிறது. அதன் பின்னாலிருந்த இரண்டு தடி வயரையும் ஒரே போல்ட்டில் சேர்த்து முறுக்கி, மேலே ஸ்லீவ் போடுங்கள். டேப் மட்டும் சுற்றி விட்டுவிடாதீர்கள், உரசினால் தீதான். சார்ஜ் பார்க்க டிஜிட்டல் வோல்ட் மீட்டர் போதும். என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும்.

ஈரோடு, அம்பாசிடர்: ஆல்டர்நேட்டர் நல்ல நிலையில் இருக்கிறது. புது மீட்டர் மாட்டியதிலிருந்து சார்ஜ் ஏறவில்லை.

பழைய சார்ஜ் பல்பைத் தூக்கிவிட்டு மீட்டரில் இருக்கும் எல்.இ.டி.க்கு வயர் கொடுத்திருப்பீர்கள். ஆல்டர்நேட்டர் விழித்துக்கொள்ளத் தேவையான கரண்ட் அந்தப் பல்பு வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எல்.இ.டி. அவ்வளவு கரண்டை விடாது. 2 வாட் பல்பு ஒன்றை எல்.இ.டி.க்கு இணையாகக் கொடுத்து டேஷ்போர்டுக்குள் ஒளித்து வைத்துவிடுங்கள்.

கோபி, மோரிஸ் மைனர்: முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பேட்டரியில் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பாருங்கள். அந்தக் கால மோரிஸில் பிளஸ்தான் எர்த். அது தெரியாமல் கறுப்பு வயரைப் பாடியில் வைத்து ஒரு நல்ல மீட்டரைப் புகைய விட்டவன் நான். பேட்டரி முனையை மாற்றுவதென்றால் இக்னிஷன் காயில் வயரையும் மாற்றி, டைனமோவின் ஃபீல்டு (காந்தச் சுருள்) முனைக்கு ஒரு நொடி பிளஸ் தொட்டுவிட வேண்டும்.

திருப்பூர்: டேங்க் நிரம்பினால் காலி என்கிறது.

டேங்க் புளோட்டும் மீட்டரும் எதிரெதிராக இருக்கின்றன. டேங்க் நிரம்ப நிரம்ப, சில மீட்டர் 10 முதல் 180 ஓம் என்று ஏறும், சில 240 முதல் 33 என்று இறங்கும். புளோட்டைக் கழற்றி, கீழே எத்தனை ஓம், மேலே எத்தனை ஓம் என்று அளந்து மீட்டர் செட்டிங்கில் கொடுங்கள்.

கரூர்: முழு ஹார்னஸையும் (வண்டியின் மொத்த வயர் கட்டு) மாற்றணுமா? ஒரிஜினல் மீட்டரை என்ன செய்ய?

வயரை மடித்துப் பாருங்கள், தோல் வெடித்தால் மாற்றத்தான் வேண்டும். அம்பாசிடர், ஹெரால்டு போன்ற இங்கிலாந்து வழி வண்டிகளில் பிரவுன் வயர் பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை சாவி போட்டால் கரண்ட் வருவது, பச்சை அதே சாவி லைன் பியூஸ் தாண்டி வருவது, கறுப்பு எர்த். ஆனால் நாற்பது வருஷத்தில் எத்தனை கை பட்டிருக்கும்! எனக்கு வந்த ஒரு வண்டியில் எல்லாமே சிவப்பு. கலரை நம்பாமல் ஒவ்வொன்றையும் சோதித்துச் சீட்டு ஒட்டுங்கள். ஹெட்லைட்டுக்கு ரிலே (சின்னக் கரண்டில் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) போடுங்கள், இரண்டு 60 வாட் பல்பு என்றால் 10 ஆம்பியர் ஆகிறது, அதைப் பழைய சுவிட்ச் சுமக்கக் கூடாது. ஒரிஜினல் மீட்டரைப் பழைய இரும்புக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். அவினாசி ரோட்டில் ஜீடி கார் மியூசியத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் ஏன் என்று புரியும்.

வால்பாறை: ஜிபிஎஸ் ஸ்பீடோ போதுமா?

ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு, மேலே மரம் மூடிய ரோடு, அங்கே சிக்னல் விட்டு விட்டு வரும். கியர்பாக்ஸில் பழைய ஸ்பீடோ கேபிள் மாட்டும் இடத்திலேயே சென்சார் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுபடியும் பொள்ளாச்சி: தேய்த்தேனுங்கண்ணா, 0.6 இருந்தது இப்போது 0.05. ஆனால் செல்ஃப் அடிக்கும்போது மீட்டர் அணைந்து வருகிறது.

செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். 9.6-க்குக் கீழே போகிறதா? பேட்டரி வாங்கி எத்தனை வருஷம் ஆச்சுங்க?