ஜனவரியில் அகமதாபாத்: உந்தியுவும் இனிப்பில்லாத சாப்பாடும்

கேள்வி: பொங்கல் விடுமுறையில் அகமதாபாத் செல்கிறோம். குஜராத்தி உணவை எங்கே நன்றாகச் சாப்பிடலாம்? உடன் வரும் என் தாயாருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அங்கே பருப்பில்கூட இனிப்பு சேர்ப்பார்கள் என்கிறார்களே?

பதில்: உண்மைதான். குஜராத்தி தாலியில் (ஒரே தட்டில் பல வகைகளைப் பரிமாறும் முழுச் சாப்பாடு) பருப்பு, கடி எனும் மோர்க்குழம்பு, சில காய்கறிகள் ஆகியவற்றில் வெல்லமோ சர்க்கரையோ சமைக்கும்போதே சேர்ந்துவிடுவதால், பரிமாறும் நேரத்தில் வேண்டாம் என்று சொல்லிப் பயனில்லை. ஆகவே தாயாருக்காக ஒருவேளையாவது காத்தியாவாடி உணவகத்தைத் தேர்ந்தெடுங்கள். சௌராஷ்டிரப் பகுதியின் இந்தச் சமையலில் பூண்டும் மிளகாயும்தான் முன்னிற்கும். வெல்லத்தையும் நெய்யையும் பெரும்பாலும் தனியாகவே வைப்பார்கள். கத்தரிக்காயை நெருப்பில் சுட்டு, கருகிய தோலை உரித்து மசித்து, குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் பச்சைப் பூண்டுத் தாளோடு வதக்கிய ‘ஓளோ’வைச் சூடான கம்பு ரொட்டியோடும் உப்பு மோரோடும் கேளுங்கள். கம்பு என்பதாலேயே சர்க்கரை ஏறாது என்று எண்ணிவிடாமல், அளவை மருத்துவர் சொன்னபடி வைத்துக்கொள்வது அவசியம்.

நீங்கள் செல்லும் பருவத்தில் தவறவிடவே கூடாதது உந்தியு. சூரத் அவரை, ராசவள்ளிக்கிழங்கு, வாழைக்காய், சிறு கத்தரிக்காய் ஆகியவற்றோடு வெந்தயக்கீரையும் கடலைமாவும் பிசைந்து பொரித்த முட்டியாவையும் சேர்த்துச் சமைப்பது. இதன் உயிர் குளிர்காலக் காய்களில் இருப்பதால், மற்ற மாதங்களில் கிடைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. ஜனவரி 14, உத்தராயண் பட்டத் திருவிழா நாளில் இனிப்புக் கடைகளிலும் ஃபர்சாண் எனும் காரப் பலகாரக் கடைகளிலும் இதை எடை போட்டு, ஜிலேபியோடு விற்பார்கள். வரிசை நீளும் என்பதால் காலையிலேயே வாங்கிவிடுங்கள். எண்ணெய் மிகுதி, சில இடங்களில் சர்க்கரையும் சேர்ப்பார்கள். தாயாருக்குச் சிறிதளவே போதும்.

அமர்ந்து முழுத் தாலி உண்ண, சிதி சையத் மசூதிக்கு எதிரே, 1924இல் கட்டப்பட்ட மாளிகையின் மொட்டைமாடியில் உள்ள அகாஷியே உணவகம் ஏற்றது; விலை சற்று அதிகம், முன்பதிவு செய்துவிட்டுச் செல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடலைமாவில் பட்டையாகப் பொரிக்கும் ஃபாப்டாவை வாங்க ஊரே நிற்கும். பொரித்தவுடன், துருவிய பப்பாளிக்காயோடும் பச்சை மிளகாயோடும், நின்றபடியே சாப்பிட்டால்தான் அதன் மொறுமொறுப்பு நிலைக்கும். பொட்டலம் கட்டி அறைக்குக் கொண்டுபோனால் தளர்ந்துவிடும்.

மானெக் சௌக் இரவுச் சந்தை பார்க்க வேண்டிய இடமே. ஆனால் அங்கே பாவ்பாஜியும் சாண்ட்விச்சும் தோசையுமே மிகுதி என்பதால், குஜராத்தின் வீட்டுச் சுவையைத் தேடி அங்கே செல்ல வேண்டாம். திரும்பும் வழியில் சூரத்தில் இறங்க முடிந்தால், சுட்டு உதிர்த்த இளஞ்சோள மணிகளான ‘பொங்க்’கைச் சேவுடன் கேட்டு வாங்குங்கள், சர்க்கரை மிட்டாய் கலக்காமல் தரும்படி முன்கூட்டியே சொல்லிவிட்டால், தாயாரும் ஒரு கைப்பிடி உண்ணலாம்.