சராசரி ஒன்று, வீச்சாளர் மூவர்: யாரை முதலில் வைப்பது?

கேள்வி: மேற்கிந்தியத் தீவுகளின் வேகப்பந்து வீச்சாளர்களை ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுகிறேன். மார்ஷல், கார்னர், ஆம்புரோஸ் மூவரின் டெஸ்ட் சராசரியும் (ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன்) ஏறக்குறைய ஒன்றே. விக்கெட் எண்ணிக்கையில் வால்ஷ் முன்னால் நிற்கிறார். கட்டணம் செலுத்தி வாங்கிய தரவரிசையில் ஹோல்டிங்கின் பெயரே இல்லை. யாரை முதலில் வைப்பது?

பதில்: முதலில் அந்தத் தரவரிசையை ஒதுக்கிவிடுங்கள். ‘குறைந்தது 250 விக்கெட்’ என்று வரம்பு வைத்தால், 249 விக்கெட் எடுத்த ஹோல்டிங் காணாமல் போய்விடுவார். வரம்பை 200 ஆக்கினால் அவர் திரும்பி வருவார், ஆனால் 23.30 சராசரியில் 125 விக்கெட் எடுத்த கிராஃப்ட் அப்போதும் வெளியேதான் நிற்பார். வேண்டியவரை முதலில் தேர்ந்துகொண்டு, அவருக்கேற்ப வரம்பு வைக்கும் வியாபாரிகள் ஏராளம். இலவசமாகக் கிடைக்கும் எண்களுக்கு வண்ணம் பூசி விற்பவரிடம், இந்த வரம்பு எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது.

சராசரியைப் பொறுத்தவரை, மார்ஷல் 20.94, கார்னர் 20.97, ஆம்புரோஸ் 20.99. நூறு விக்கெட்டுக்கு ஐந்து ரன் வித்தியாசம் என்பது ஒரு மிஸ்ஃபீல்டில் போகும் கணக்கு. அதை வைத்து எவரையும் மேலே ஏற்ற முடியாது. வால்ஷின் 519 விக்கெட்டுகள் 132 டெஸ்டுகளில் வந்தவை, அதாவது டெஸ்டுக்கு நான்குக்கும் சற்றுக் குறைவு. மார்ஷலுக்கு அது 4.64.

கார்னர் விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 58 டெஸ்டுகளில் ஓர் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்தது ஏழே முறை, ஓர் ஆட்டத்தில் பத்து விக்கெட் ஒருமுறைகூட இல்லை என்பதைக் காட்டி அவரைக் கீழே தள்ளுவார்கள். ராபர்ட்ஸ், ஹோல்டிங், கிராஃப்ட், பின்னர் மார்ஷல் ஆகியோர் இருந்த அணியில், புதுப் பந்து பெரும்பாலும் வேறொருவர் கைக்குப் போனது; விக்கெட்டுகளும் நால்வருக்குள் பங்கு போயின. போதாததற்கு, 1977 முதல் 1979 வரை ஆஸ்திரேலிய ஊடக முதலாளி கெர்ரி பேக்கர் தனியாக நடத்திய உலகத் தொடரில் அவர் எடுத்த விக்கெட்டுகள் எந்த அதிகாரபூர்வக் கணக்கிலும் சேரவில்லை. அங்கே எதிரே நின்றவர்கள் கிரெக் சாப்பல் போன்றவர்கள். ஆனால் 2005இல் சிட்னியில் ஐசிசி கூட்டிச் சேர்த்த உலக லெவன் ஆடிய ஒற்றை ஆட்டம் மட்டும் டெஸ்டாம்! இந்த நியாயத்தை யாரிடம் போய்க் கேட்பது?

என் முடிவு மார்ஷல். ஒரு விக்கெட்டுக்கு அவருக்கு 47 பந்துக்கும் குறைவாகவே தேவைப்பட்டது. ஆம்புரோஸுக்கு 54க்கும் மேல். அதைவிட முக்கியமாக, கார்னரும் ஆம்புரோஸும் இந்திய மண்ணில் ஒரு டெஸ்டுகூட ஆடியதில்லை. மார்ஷலோ 1983-84 தொடரில் இங்கே ஆறு டெஸ்டுகளில் 33 விக்கெட் எடுத்தார். கான்பூரில் எகிறிய அவருடைய பந்து கவாஸ்கரின் கையிலிருந்து மட்டையையே தட்டிவிட்டது. 1984இல் ஹெடிங்லியில் இடது கட்டைவிரல் முறிந்து, கையில் மாவுக்கட்டுடன் 53 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார்.

ஆம்புரோஸைத்தான் முதலில் வைப்பேன் என்றால், தாராளமாக வையுங்கள். ஆனால் 1993இல் பெர்த்தில் ஒரே ரன் கொடுத்து ஏழு விக்கெட் எடுத்த அந்த ஸ்பெல்லை மட்டும் ஆதாரமாக்காதீர்கள். 98 டெஸ்டுகளிலும் சேர்த்து ஓவருக்கு 2.30 ரன் மட்டுமே கொடுத்திருக்கிறார் என்பதை முன்வையுங்கள்.