மலையுச்சிச் சுரங்கத்துக்குக் கீழே ஓடைநீர் தெளிவாக இருந்தால் போதாதா?

போதாது. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் நிலக்கரிக்கு மேலுள்ள பாறையை வெடிவைத்து உடைத்துப் பள்ளத்தாக்கில் கொட்டுகிறார்கள். அடிவாரத்து வண்டல் குட்டை சேற்றைப் பிடிக்கும். கரைந்த சல்பேட், மெக்னீசியம், செலினியத்தைப் பிடிக்காது. தண்ணீர் பளிங்காகவே ஓடும், கல்லைப் புரட்டினால், தூய நீரில் மட்டுமே தழைக்கும் மேஃப்ளை என்ற பூச்சியின் இளம்புழுக்கள் இருக்காது.

பாறை கொட்டிய இடத்துக்கு மேலும் கீழும் ஓடைநீரின் மின்கடத்துதிறனை மீட்டரால் அளந்து பாருங்கள்; கரைந்த உப்பு கூடினால் அதுவும் கூடும். அந்த மலைப்பகுதிக்கு அமெரிக்க மத்தியச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2011இல் வெளியிட்ட அளவுகோல், சென்டிமீட்டருக்கு 300 மைக்ரோசீமென்ஸ்; அதைத் தாண்டினால் ஓடை உயிர்களுக்கு ஆபத்து. பெருமழை முடிந்த கையோடு அளந்தால் நீர்த்துப்போய்க் குறைவாகக் காட்டும். நீரோட்டம் மெலிந்த கோடைக் கடைசிதான் சரியான நேரம். செலினியத்துக்குத் தனி ஆய்வகச் சோதனை வேண்டும், மீட்டர் அதைச் சொல்லாது.

தடுக்க வேண்டுமானால், பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) கலந்த கரும்பாறையை வெட்டும்போதே பிரித்து, நீர்மட்டத்துக்கு மேலே வைத்து, இறுக்கிய களிமண்ணால் மூட வேண்டும். ஓடையில் கொட்டிவிட்டால் உப்பு பல பத்தாண்டுகள் கசியும்.