கொறங்காடு சொல்லும் தொழில் கணக்கு: வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்

கேள்வி: திருப்பூரில் ஓவர்லாக், பேட்லாக் தையல் இயந்திரங்களுடன் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். அமெரிக்காவிற்கு அனுப்பும் ஒரே ஏற்றுமதி நிறுவனத்திற்குத்தான் தைத்துக் கொடுக்கிறோம். 2025 ஆகஸ்டில் அங்கே இந்தியப் பொருட்களுக்கான வரி 50 சதவீதமானபின் வேலை விட்டு விட்டுத்தான் வந்தது. சூழலுக்கேற்ப மாறச் சொல்கிறார்கள். இயந்திரங்களை விற்றுவிட்டு வேறு தொழிலுக்குப் போவதா, பொறுத்திருப்பதா?
– ஒரு வாசகர், காங்கயம்

பதில்: உங்கள் ஊர் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டையே எடுத்துக்கொள்வோம். மழை குறைந்த அந்த மண்ணில், கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் சேர்ந்தே வளர்கின்றன. கோடையில் புல்லின் மேற்பகுதி காய்ந்தாலும் வேர் உயிரோடிருந்து அடுத்த மழைக்குத் துளிர்க்கிறது. புல் காய்ந்து கிடக்கும் அந்த மாதங்களில் வெள்வேலம் நெற்றுகளை உதிர்த்து ஆடுமாடுகளுக்குத் தீவனம் தருகிறது. ஆனால் புல்லையும் மரத்தையும்விட எனக்குப் பெரிதாகத் தெரிவது, அவற்றைக் காக்கும் உழவரின் கட்டுப்பாடு. மழை பெய்து புல் தலைகாட்டிய உடனே மாட்டை உள்ளே விட்டுவிடாமல், அது நன்றாக வேரூன்றும்வரை காத்திருந்து, பிறகும் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்க்கிறார். கண்முன்னே பசுமை இருக்கும்போது மாட்டை வேலிக்கு வெளியே நிறுத்திவைப்பது எளிதன்று.

உங்களுக்கும் சோதனை, வேலையற்ற வாரங்களைவிட ஆர்டர் குவியும் மாதங்களில்தான் வரும். இயந்திரங்களை விற்காதீர்கள், பழகிய தையல்காரர்கள் கலைந்து போனால் மீண்டும் சேர்ப்பது அரிது. இயந்திரங்களில் ஒரு பகுதியை உள்நாட்டு பனியன், ஜட்டி வேலைக்கு இப்போதே ஒதுக்குங்கள். கூலி குறைவுதான், ஆனால் அந்த வேலை தீபாவளியையும் பொங்கலையும் ஒட்டிக் கூடுமே தவிர, அமெரிக்க வரியைப் பார்த்து ஏறி இறங்குவதில்லை. ஏற்றுமதி ஆர்டர் திரும்பியதும் யூனிட் முழுவதையும் கேட்பார்கள். அப்போதும் அந்தப் பகுதியைக் கொடுத்துவிடாதீர்கள். இதை அந்த நிறுவனத்திடம் முன்கூட்டியே நேராகச் சொல்லிவிடுங்கள். டெலிவரி நெருக்கடியில் சொன்னால்தான் உறவு கெடும். நல்ல மாதங்களின் பில் தொகையிலிருந்து சில வாரக் கூலியையும் தனியே எடுத்து வையுங்கள்.

கேள்வி: நீதிமன்றம் கட்டாயப்படுத்திய பிறகே திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மாறின. அதையும் தகவமைப்பு என்று புகழலாமா?
– ஒரு வாசகி, சென்னிமலை

பதில்: 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்ன பிறகுதான், சாயக்கழிவைச் சுத்திகரித்து, நீரை மீட்டு, மறுபடியும் சாயமேற்றப் பயன்படுத்தும் முறை அங்கே நிலைபெற்றது. தொழில்நுட்ப அளவில் அது பெரிய சாதனை என்றே மதிக்கிறேன். ஆனால் வறட்சிக்குத் தாமதமாகத் தயாராகும் செடி தானே காய்ந்து போகிறது. திருப்பூரின் தாமதத்திற்கோ நொய்யல் ஆற்றின் கீழ்ப்பகுதி உழவர்கள் விலை கொடுத்தார்கள். பாசனத்திற்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. அவர்களுடைய கிணறுகளும் நிலங்களும் உப்பேறின. அந்த இழப்பைக் கணக்கில் சேர்க்காமல் புகழ எனக்கு மனம் வரவில்லை.