அட்வான்ஸ் முதல் உயில் வரை: வாடகைதாரர், வீட்டுக்காரர், வாரிசுதாரர் கேள்விகளுக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்கள்

தமிழ்நாட்டு நகரங்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிறார்கள். பழைய வீட்டுக்காரரோ பெயின்ட் செலவு என்று சொல்லிப் பாதி அட்வான்ஸைப் பிடித்துக்கொண்டார்.

பதில்: 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் அளவாக வைத்திருக்கிறது. ஆனால் பத்து மாதம் என்று ஒப்பந்தத்தில் எழுதி நீங்களே கையெழுத்திட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு வலுவிழந்துவிடும். பேரம் பேச வேண்டியது கையெழுத்துக்கு முன்புதான்.

பெயின்ட் விஷயத்தில் நியாயம் உங்கள் பக்கம். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாதவரை, சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச் போன்றவை உங்கள் பொறுப்பு. நீங்கள் சேதப்படுத்தியதற்கு மட்டும் கழித்துக்கொண்டு, காலி செய்த ஒரு மாதத்துக்குள் மீதியைத் தர வேண்டும். குடிபோகும் அன்றும் காலி செய்யும் அன்றும் ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பி வையுங்கள்.

கேள்வி: 11 மாத ஒப்பந்தம் முத்திரைத்தாளில் இருக்கிறது. அது போதாதா? வாடகையை உயர்த்த மறுத்ததால் தண்ணீரை நிறுத்திவிட்டார்.

பதில்: ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்ற 1908ஆம் ஆண்டு சட்டத்தைத் தவிர்க்கப் பிறந்த வழக்கம்தான் 11 மாதம். 2017 வாடகைச் சட்டத்தில் அந்தக் கணக்குக்கு இடமில்லை. எத்தனை மாதமானாலும் எழுத்து ஒப்பந்தம் வேண்டும்; அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். எழுத்து ஒப்பந்தம் செய்யத் தவறியதையே காரணமாகக் காட்டி உங்களைக் காலி செய்யக் கேட்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

என்ன தகராறு இருந்தாலும் தண்ணீர், மின்சாரத்தைத் துண்டிக்க வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. அந்த வாடகை அதிகார அமைப்பு என்பது துணை ஆட்சியர் நிலையில் இருக்கும் அதிகாரி; அவரிடம் உடனே மனுக் கொடுங்கள். இணைப்பைத் திருப்பித் தர உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. வாடகையை மட்டும் நிறுத்தாதீர்கள். வங்கி வழியாகவே செலுத்துங்கள்.

கேள்வி: 8 லட்சம் கொடுத்தால் 3 ஆண்டுக்கு வாடகை இல்லை, காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் என்கிறார்கள். போக்கியத்துக்குப் போகலாமா?

பதில்: எனக்கு மிகவும் கவலை தரும் கேள்வி இதுதான். மாத வாடகையில் மோசம் போனால் சில மாதப் பணம் போகும். போக்கியத்தில் போவது ஒரு குடும்பத்தின் மொத்தச் சேமிப்பு.

அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கடன் தவணை நின்றுபோனால், 2002ஆம் ஆண்டு சர்ஃபாசி (SARFAESI) சட்டப்படி வங்கி வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடலாம். பின்னால் வந்த உங்கள் 8 லட்சத்துக்கு வங்கி பொறுப்பேற்காது. வீட்டுக்காரர் மீது வழக்குப் போட்டு நீங்கள்தான் அலைய வேண்டும்.

சொத்தின் மேல் பதிவான கடன், விற்பனை போன்றவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழ் எடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்து வாங்கிய கடன் சில சமயம் அதில் வராது. அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். நகலை மட்டும் நீட்டி, "அசல் ஊரில் இருக்கிறது" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் போக்கியப் பத்திரமாகவே பதியுங்கள். பதிவுச் செலவுக்குப் பயந்து வெறும் 'லீஸ் அக்ரிமென்ட்' போட்டுக்கொள்வதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

கேள்வி: மாத வாடகை 55,000 ரூபாய். அதை வீட்டுக்காரருக்குத் தரும்போது நான் வருமான வரி (டி.டி.எஸ்.) பிடிக்க வேண்டுமா?

பதில்: ஆம். 50,000 ரூபாயைத் தாண்டினால் தனிநபரும் பிடிக்க வேண்டும். 2024 அக்டோபர் முதல் விகிதம் 2 சதவீதம். வீட்டுக்காரர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் இந்த வரம்பே பொருந்தாது, விகிதமும் மிக அதிகம், தணிக்கையாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பா தன் சம்பாத்தியத்தில் ஃபிளாட் வாங்கினார். உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மா, அண்ணன், நான், அப்பாவைப் பெற்ற பாட்டி இருக்கிறோம். திருமணமானதால் எனக்குப் பங்கில்லை என்கிறார் அண்ணன். வங்கிக் கணக்கிலும் அவர்தான் நாமினி.

பதில்: சகோதரி, உங்கள் அண்ணன் சொல்வது தவறு. உங்கள் குடும்பம் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது என்று கொண்டால், ஃபிளாட் நான்கு சம பங்காகும்: அம்மா, அண்ணன், நீங்கள், பாட்டி. திருமணம் உங்கள் பங்கைப் பாதிக்காது. மகள்களுக்குப் பங்கு தந்த 1989, 2005 திருத்தங்கள் பூர்வீகச் சொத்து பற்றியவை. இங்கே அவற்றுக்கு வேலையே இல்லை.

பாட்டியின் கால் பங்கைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அவர் உயில் எழுதாமல் காலமானால், அந்தப் பங்கில் உங்கள் சித்தப்பா, அத்தை போன்றவர்களும் வாரிசாக வருவார்கள். பின்னால் விற்கும்போது அத்தனை பேர் கையெழுத்தும் தேவைப்படும். பாட்டி நல்ல நினைவோடு இருக்கும்போதே, அவருடைய முழு விருப்பத்தோடு இதைப் பேசி முடியுங்கள்.

நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளுக்குச் சேர்ப்பிக்க வேண்டியவர். வங்கிப் பணத்துக்கு அவர் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். ஆயுள் காப்பீடு மட்டும் வேறு: 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் தொகை அவர்களுக்கே உரியது.

'சும்மா ஒரு கையெழுத்து' என்று, உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை நீட்டினால், படித்துப் பார்க்காமல் போடாதீர்கள்.

கேள்வி: ஒரே மகன். வீட்டை இப்போதே செட்டில்மென்ட் எழுதித் தரச் சொல்கிறான். உயில் போதுமா? முத்திரைத்தாள் வேண்டுமா?

பதில்: உயிலே போதும் என்பேன். செட்டில்மென்ட் என்பது உயிரோடு இருக்கும்போதே சொத்தை மாற்றித் தரும் பத்திரம்; அது பதிவானால் வீடு உங்கள் மகனுடையது. உயிலை நீங்கள் இருக்கும்வரை மாற்றலாம். செட்டில்மென்ட்தான் என்று முடிவானால், ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையையும், உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதுங்கள். பராமரிக்காவிட்டால் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி பத்திரத்தை ரத்து செய்யக் கோட்டாட்சியரிடம் கேட்கலாம். நிபந்தனை இல்லாத பத்திரத்தோடு வந்த பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஆறுதல் சொல்வதே கடினம்.

உயிலுக்கு வெள்ளைத்தாள் போதும். பதிவு கட்டாயமில்லை, செய்வது நல்லது. நீங்கள் கையெழுத்திடுவதைப் பார்த்து இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். சொத்துப் பெறுகிறவரைச் சாட்சியாக்காதீர்கள். உங்களைவிட வயதில் இளையவர்களாகப் பாருங்கள். ஒருவர் உங்களுக்கு வழக்கமாக வைத்தியம் பார்க்கும் டாக்டராக இருந்தால் மிக நல்லது. மனம் மாறினால் பழைய உயிலில் அடித்துத் திருத்தாமல் புதிதாக எழுதி, முந்தையதை ரத்து செய்வதாகத் தொடக்கத்திலேயே குறிப்பிடுங்கள்.