இரண்டு கச்சேரிகளின் கடதாசிகள்

கேள்வி: என் தந்தையார் வாய்ப்பாட்டுக் கலைஞர். பல ஆண்டுகள் சங்கீத ஆசிரியராகவும் வானொலிக் கலைஞராகவும் இருந்து, பிற்காலத்தில் கலாசார உத்தியோகத்தராகக் கடமையாற்றி ஓய்வுபெற்றார். அவர் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு றங்குப்பெட்டி நிறைய ஸ்வரக் கொப்பிகளும், இரண்டு அலுமாரிகளில் அலுவலகக் கோவைகளும் கடிதங்களும் ஒலிநாடாக்களும் இருக்கின்றன. வீட்டைத் திருத்துவதற்காகக் கனடாவிலிருந்து வரவிருக்கும் என் தமையனார், கொப்பிகளை அப்பாவின் மாணவி ஒருவருக்குக் கொடுத்துவிட்டு மற்றக் கடதாசிகளை எரித்துவிடலாம் என்கிறார். எவற்றை வைத்திருக்க வேண்டும்? எங்கே ஒப்படைக்கலாம்? இணையத்தில் வெளியிட எங்களுக்கு உரிமை உண்டா? (இணுவிலிலிருந்து ஒரு வாசகி)

பதில்: எதையும் எரிக்க வேண்டாம் என்பது முதற் பதில். கொப்பிகளையும் கோவைகளையும் பிரிக்க வேண்டாம் என்பது அதைவிட அவசரமான இரண்டாவது பதில். பாட்டுக்காரர் ஒருவர், உத்தியோகத்தர் ஒருவர் என்று இரண்டு பேருடைய கடதாசிகள் உங்கள் வீட்டில் இல்லை. ஒருவருடைய கடதாசிகளே இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் கச்சேரி என்ற ஒரே சொல்லால் இசை அரங்கையும் அரசாங்க அதிபர் பணிமனையையும் அழைத்து வந்திருக்கிறோம். உங்கள் தந்தையார் இரண்டிலும் அமர்ந்தவர். யாரை அழைப்பது, எவருக்கு எவ்வளவு சன்மானம் கொடுப்பது, எந்தக் கிராமத்துக்கு எந்தப் பயிற்சி வகுப்பு தேவை என்று அவர் எடுத்த முடிவுகளில் அவருடைய பாடாந்தரமும் (குருவழி வந்த பாட்டு முறை) செவியும் கலந்திருக்கும். அந்தத் தொடர்பைப் பின்னால் வரும் ஆய்வாளர் கண்டுகொள்வதற்கு இரண்டு தொகுதிகளும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

இசைக்கலைஞர் நிருவாகத்துக்கு வருவது நம்மவர்க்குப் புதிதன்று. முசிறி சுப்பிரமணிய ஐயர் 1949 இல் சென்னையில் தொடங்கிய கர்நாடக இசைக் கல்லூரியின் முதல் அதிபராக இருந்தார். மகாராஜபுரம் சந்தானம் இங்கே மருதனார்மடத்தில், 1960 இல் தொடங்கிப் பின்னர் 1975 இல் பல்கலைக்கழகத்துடன் இணைந்த இராமநாதன் இசை நிறுவனத்தின் அதிபராக இருந்தவர். இத்தகையோரின் பாட்டைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அவர்கள் எழுதிய குறிப்புத் தாள்களையும் பாடத்திட்ட வரைவுகளையும் தேடுவோர் குறைவு.

ஒரு தொகுதியை மட்டுமே காப்பாற்ற முடியும் என்ற நெருக்கடி வந்தால் என் கை முதலில் அலுவலகக் கோவைகளையே எடுக்கும். ஸ்வரக் கொப்பியில் உள்ள கீர்த்தனைகளிற் பெரும்பாலானவை வேறு கொப்பிகளிலும் அச்சுநூல்களிலும் இருக்கக்கூடும். அவற்றில் அரியவை உங்கள் தந்தையார் சேர்த்த சங்கதிகள் (ஒரே அடியைப் பாடும் வேறுபாடுகள்), குருவிடம் கேட்டுக் குறித்த திருத்தங்கள், மாணவருக்கென்று எழுதிய பயிற்சிகள் என்பன. ஆனால் ஒரு கலைவிழாவின் செலவுக் கணக்கு, பாடியவர்களதும் பக்கவாத்தியக்காரரதும் பெயர்ப்பட்டியல், நாதஸ்வர தவில் கலைஞருக்கு உதவிப்பணம் கேட்டு எழுதிய சிபாரிசு ஆகியவற்றுக்கு வேறு பிரதி இல்லாதிருக்க வாய்ப்பு மிக அதிகம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்துடன் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது வீடுகளிலும் பணிமனைகளிலும் இருந்தவற்றை எடுத்துச் செல்லப் பலருக்கு வழியிருக்கவில்லை. ஆகவே உத்தியோகத்தர் ஒருவர் தம் வீட்டில் வைத்திருந்த காபன் பிரதியே எஞ்சிய ஒரே பிரதியாகிவிடுவதுண்டு.

பிரிக்க வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் தாளிலேயே இருக்கிறது. 1990 களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் எழுதுதாள் கிடைப்பது அரிதாக இருந்தது. பழைய சுற்றறிக்கையின் வெற்றுப் பின்பக்கத்தில் வர்ணம் என்ற உருப்படியொன்றின் சிட்டைஸ்வரமும் (அதில் வரும் ஸ்வரப் பகுதி), மாணவர் கொப்பியின் கடைசித் தாள்களில் கூட்ட அறிக்கையின் முதல் வரைவும் இருக்கலாம். அத்தகைய தாளை இசை என்றோ நிருவாகம் என்றோ எந்த அலுமாரியில் வைப்பது? எனவே ஒவ்வொரு தாளையும் இரண்டு பக்கமும் பாருங்கள். ஸ்கான் செய்யும்போதும் வெறுமையாகத் தோன்றும் பக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

வேலையைத் தொடங்கும் முன் அலுமாரியும் பெட்டியும் இருக்கிறபடியே ஒவ்வொரு தட்டையும் கைபேசியிற் படமெடுத்து வையுங்கள். எந்தக் கோவைக்குப் பக்கத்தில் எந்தக் கொப்பி இருந்தது என்பதும் ஒரு செய்தியே. ஆண்டு வரிசையில் அடுக்கி அழகுபடுத்தினால் அது மறைந்துவிடும். பிறகு கட்டு ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கமிட்டு, பென்சிலால் மட்டும், முதல் தாளின் மூலையில் மெல்ல எழுதுங்கள். சாதாரணக் கொப்பியொன்றில் அந்த இலக்கம், இருந்த இடம், உள்ளடக்கம் பற்றி ஓரிரு வரிகள், காலம் தெரிந்தால் காலம் என்று பதிந்தால் போதும். நிழற்படங்களில் இருப்போரின் பெயர்களை, அடையாளம் சொல்லக்கூடிய மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். இந்த ஒரு வேலையைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டு இழந்த குடும்பங்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன், அதனால்தான் வற்புறுத்துகிறேன். நிரப்பப்படாத படிவங்களையும், ஒரே அழைப்பிதழின் ஐம்பது பிரதிகளில் இரண்டு தவிர்ந்தவற்றையும் கழிக்கலாம். வேறொன்றையும் இப்போது கழிக்க வேண்டாம்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, மாரி மழைக்கு முன் கடதாசிகளைச் சுவரிலிருந்தும் நிலத்திலிருந்தும் விலக்குவதே பாதி வேலை. துருப்பிடித்த குண்டூசிகளையும் கிளிப்புகளையும் பொறுமையாகக் கழற்றி, கட்டுகளை வெள்ளைப் பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். றப்பர் வளையம் வேண்டாம். கிழிந்த தாளுக்கு ஒட்டும் பிளாஸ்ரிக் நாடா போடுவதும், லமினேற் செய்வதும் அன்பினாற் செய்யும் கேடுகள். இரண்டையும் பின்னர் நீக்குவது மிகக் கடினம். ஊற்றுப்பேனா மை நீர் பட்டாற் கரையும், ஆகையால் ஈரத்துணியைத் தவிர்த்து மென்மையான உலர்ந்த தூரிகையாலேயே தூசு தட்டுங்கள். இராமபாணப் பூச்சி, கறையான் அடையாளம் தெரியும் கட்டுகளை மற்றவற்றிலிருந்து உடனே தனியாக்குங்கள். தொலைநகல் இயந்திரத்தில் வந்த வழுவழுப்பான தாள்கள் இருந்தால் அவற்றின் எழுத்து மங்கிக்கொண்டே போகும். முதல் நாளே நிழற்பிரதி எடுத்துவிடுங்கள்.

ஒலிநாடாக்களிலே சற்று நிற்க வேண்டும். போட்டுக் கேட்டுப் பார்க்கும் ஆசை இயல்பானதே, ஆயினும் பூஞ்சணம் பிடித்த நாடாவைப் பழைய கசெற் றேடியோவில் ஓடவிட்டால் அந்த ஓட்டமே அதன் கடைசி ஓட்டமாகிவிடலாம். பூஞ்சணத் தூள் அடுத்த நாடாவுக்கும் பரவும். பெட்டிகளை நிமிர்த்தி நிறுத்தி, ஒலிபெருக்கியிலுள்ள காந்தத்துக்கு எட்டத்தில், நிழலில் வையுங்கள். கசெற்றின் மேல்விளிம்பிலுள்ள இரண்டு சிறிய பிளாஸ்ரிக் தடுப்புகளை உடைத்துவிட்டால் தவறுதலாகவும் மேலே பதிவு விழாது. மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் சைக்கிள் டைனமோவையும் பழைய மின்கலங்களையும் கொண்டு றேடியோ ஓட்டியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப் பதிந்த நாடாவில் வேகம் சீராக இருந்திராது. இன்றைய கருவியில் ஓட்டும்போது சுருதி கூடியோ குறைந்தோ கேட்கும். உங்கள் தந்தையார் வழக்கமாக எந்தக் கட்டையில் (சுருதி அளவில்) பாடினார் என்பதை மாணவரிடம் கேட்டுப் பட்டியலில் எழுதி வைத்தால், எண்ணிமமாக்குபவர் (கணினிக் கோப்பாக மாற்றுபவர்) வேகத்தைச் சரிசெய்வதற்கு அது பெருந்துணையாகும். ஒலியை எம்.பி.3 ஆக மட்டும் எடுத்துத் தருவதாகச் சொன்னால் ஏற்க வேண்டாம். 24 பிற், 96 கிலோஹேர்ட்ஸ் வேவ் (WAV) கோப்பாகக் கேளுங்கள். தாள்களுக்கு 300 டி.பி.ஐ. போதும். நிழற்படங்களுக்கும், நுண்ணிய கமகக் குறிகள் உள்ள ஸ்வரத் தாள்களுக்கும் 600 நல்லது.

இனி உரிமை. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒருவர் ஆக்கிய படைப்பின் பதிப்புரிமை அவர் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். உங்கள் தந்தையார் இயற்றியவற்றின் உரிமை வாரிசுகளைச் சேரும். வேறு ஏற்பாடு இல்லையென்றால் தமையனாரின் சம்மதமும் வேண்டும். மற்றவர்கள் அவருக்கு எழுதிய கடிதங்கள் பொருளாக உங்களுடையவை, ஆனால் அவற்றின் வாசகத்துக்கான உரிமை எழுதியவர்களுக்கோ அவர்களின் வாரிசுகளுக்கோ உரியது. ஒரு காப்பகத்தில் வைப்பதற்கு அது தடையாகாது, இணையத்தில் வெளியிடுவதற்கே அனுமதி வேண்டும். வானொலி ஒலிபரப்புகளின் பதிவுகளுக்கும் இப்படியே தனி உரிமைகள் உண்டு. அலுவலகத்தின் மூலக் கோவைகள் எவையேனும் வீட்டில் இருந்தால் அவை அரச பதிவேடுகள்; 1973 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய சுவடிகள் காப்பகம் பொறுப்பேற்கும் வகையைச் சேர்ந்தவை. தமையனார் அவற்றை எரிக்கக் கூடாது என்பதற்கு இதுவே போதிய காரணம். புள்ளிப்பட்டியல், நேர்முகத் தேர்வுக் குறிப்பு, பிறர் மீதான முறைப்பாடு ஆகியவற்றை ஓர் உறையிலிட்டு, குறித்த ஆண்டுவரை திறக்கக் கூடாது என்று எழுதி ஒப்படைக்கலாம்.

ஒப்படைக்கும் இடத்தைத் தெரிவு செய்வதற்கு முன் ‘நூலகம்’ என்ற நிறுவனத்தாருடன் பேசுங்கள். 2005 இலிருந்து ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிமமாக்கி, எவரும் இணையத்தில் பார்க்கும்படி திறந்த அணுக்கத்தில் வைத்து வருபவர்கள் அவர்கள். ஆனால் எண்ணிமப் பிரதி மூலத்துக்கு மாற்றாகாது; மூலத் தொகுதிக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்தை அணுகுவது பொருத்தம். அங்கே கடிதம் எழுதும்போது உங்கள் பட்டியலின் பிரதியையும் இணையுங்கள். பட்டியலோடு வரும் தொகுதியை எந்த நூலகரும் மதிப்பார். கொடுப்பது முடிவானால் வாய்ச்சொல்லோடு விடாமல் எழுத்தில் ஓர் உடன்பாடு செய்யுங்கள். தொகுதியை உடைத்துப் பல இடங்களில் வைக்கக் கூடாது, தந்தையார் பெயரிலேயே இருக்க வேண்டும், குடும்பத்தினர் பார்வையிடலாம், மூடிய உறைகள் எப்போது திறக்கப்படும் என்ற நான்கும் அதில் இடம்பெற வேண்டும்.

கொப்பிகளைக் கேட்கும் மாணவியை ஏமாற்ற வேண்டியதில்லை. அவருக்கு முழுமையான பிரதியொன்றைக் கொடுங்கள். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு கொப்பியிலும் உள்ள உருப்படிகளின் இராகம், தாளம், எப்போது யாருக்குப் பாடமானது என்பவற்றை உங்கள் பட்டியலில் நிரப்பித் தரச் சொல்லுங்கள். அவரைவிட அதைச் சரியாகச் செய்யக்கூடியவர் வேறொருவர் இருக்க மாட்டார். தமையனார் வந்து நிற்கும் நாட்களில் நிழற்படப் பெயர்களையும் சம்மதக் கையொப்பத்தையும் முடித்துக்கொள்ளுங்கள்; வீட்டு வேலை தொடங்கும்போது அலுமாரிகள் இரண்டையும் அப்படியே உலர்ந்த அறையொன்றுக்கு மாற்றினால் போதும்.